மூக்கு பாஸ் பண்ணின மீன்

பழவேற்காட்டில் வந்து சஹாபுதீன் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். மூக்கு பாய் வீடு என்று கேட்டால் நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மூக்கு பாய்க்குத்தான் நான் வாக்கப்பட்டேன்.

மீனின் செவுளைத் தூக்குவார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடி ஒரு இழுப்பு. அவ்வளவுதான் சோதனை. நல்லது என்றால் நல்லது, ஆகாது என்றால் ஆகாது. கரையில் ஏலம் எடுக்கும் மற்ற வியாபாரிகளும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து எனக்கு வாந்தி வந்தது. செவுளின் சளி ஒட்டிய அந்த மூக்கு நுனியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, ‘நாஷ்டா ஆச்சா?’ என்று என்னிடம் கேட்பார். ஒன்பது வருஷம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. எனக்கு மீன் அருவருப்பு. விதியைப் பாருங்கள், மீன் வியாபாரி வீட்டு மருமகள், வேலையும் மீன் கம்பெனியில். உயிர்வேதியியல் படித்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கானாங்கத்தை மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். அதன் லேப்பில் நான். சாயந்திரம் பொன்னேரிக்கு ரயில் ஏறினால் என் பக்கத்து சீட்டு கடைசிவரை காலியாகவே வரும். எத்தனை சோப்பு போட்டாலும் மீன் கவிச்சி தலைமுடியை விட்டுப் போகாது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான். அதே கம்பெனிக்கு லோடு போடுகிறவர் அவர். நம்ம வீட்டு ஆளே லேப்பில் இருந்தால் நம்ம லோடு மாட்டாது என்று அவர் நினைத்தார். பாய் வீட்டம்மா என்றால் சொன்ன பேச்சைக் கேட்பாள் என்று மேனேஜர் தணிகைவேல் நினைத்தார். இரண்டு பேரும் ஏமாந்தார்கள்.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம். கத்திரி வெயில். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் தன்னை மறந்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“முகத்துவாரம் மணல் அடிச்சிக் கெடக்குது ஜபீனு. தண்ணி ஏர்ற வரைக்கும் போட்டுங்க எல்லாம் வெளியவே நின்னுக்கினு இருந்துச்சி. காலைல ஒம்போது மணிக்கு வர்ற மீனு சாயங்காலம் மூணு மணிக்குதான் கரைக்கு வந்துச்சி.”

“ஐஸ் இருந்துச்சா?”

“போட்டுல ஏது ஐஸு? கரைக்கு வந்ததும் ரெண்டு பங்கா போட்டுட்டேன். ஐஸு போட்டா மீனு கெட்டியாய்டும். மோந்து பாத்தேன், ஃபஸ்ட் கிளாஸு.”

ஆறு மணி நேரம் வெயில். மறுநாள் காலை அந்த லோடு எங்கள் கம்பெனிக்கு வந்து இறங்கியது.

லோடில் ஒன்பது பெட்டியைப் பொறுக்கி, பெட்டிக்கு ஒரு மீன் எடுத்தேன். ஒவ்வொன்றின் சதையையும் தனித்தனியாக அரைத்துச் சோதிக்க வேண்டும். பச்சை மீன் மிக்ஸியில் அரைபடும் சத்தத்தை நான் யாருக்கும் விவரிக்க விரும்பவில்லை. ஐந்து மீன் நன்றாக இருந்தது. நாலு இல்லை. நாலாம் நம்பர் பெட்டியின் மீன் எழுநூறைத் தொட்டது. எங்கள் வெளிநாட்டுப் பார்ட்டிக்குச் சராசரி நூறுதான் உச்சம். எந்த மீனும் இருநூறைத் தாண்டக்கூடாது.

என்ன எழுநூறு என்று சொல்லிவிடுகிறேன். கானாங்கத்தை சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. அது பாட்டுக்குக் கிடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. மீன் வெயிலில் கிடந்தால் செவுளிலும் குடலிலும் இருக்கிற பாக்டீரியா பெருகி ஒரு நொதியை உண்டாக்கும். ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் என்று பெயர். அதற்கு ஒரே வேலைதான். ஹிஸ்டிடினின் ஓரத்தில் கார்பனும் கார்பனும் சேர்ந்திருக்கிற ஒரு பிணைப்பைத் தேடிப்போய் வெட்டும். வெட்டுப்பட்ட கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்சம் நிற்பது ஹிஸ்டமின். ஒரு கிலோ மீனில் அது எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அந்த எழுநூறு. அது அளவுக்கு மேல் உள்ளே போனால் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வெடிக்கும், நெஞ்சு படபடக்கும். இழுப்பு இருக்கிறவர்களுக்கு மூச்சே நின்றுபோகலாம்.

இதே மாதிரி வேறு சில நொதிகள் வேறு அமினோ அமிலங்களை வெட்டும். அதிலிருந்து வருபவை பிணம் போல நாறும். அதில் ஒன்றுக்குப் பிணத்தை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றின்மேல் எனக்கு மரியாதை உண்டு. கெட்டுவிட்டேன், கிட்டே வராதே என்று நேர்மையாகச் சொல்கின்றன. ஹிஸ்டமினுக்கு வாசனையே கிடையாது. பளபளவென்று கண்ணை வைத்துக்கொண்டு, செவுள் சிவப்பாக, மூக்கு பாயையே ஏமாற்றும். ஐஸ் போட்டால் பாக்டீரியா அடங்கும். அது ஏற்கெனவே செய்துவைத்த நொதி மெதுவாக வெட்டிக்கொண்டேதான் இருக்கும். அடுப்பில் வைத்தால் நொதி செத்துவிடும். ஹிஸ்டமின் சாகாது. ஐஸும் நெருப்பும் சேர்ந்தாலும் அதை ஒன்றும் பண்ண முடியாது. எனக்கு இதைவிடக் கேவலமான ஒன்றைத் தெரியாது.

ரிப்போர்ட்டில் ரிஜெக்ட் என்று எழுதி, நாலாம் பெட்டியில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு மேனேஜரிடம் போனேன்.

“இன்னா மேடம், பாய் லோடையே ரிஜெக்டு பண்றீங்க?” என்று சிரித்தார் தணிகைவேல்.

“நம்பரைப் பாத்துதான் சார் பண்ணேன். பேரைப் பாத்து இல்ல.”

“சரி, எக்ஸ்போர்ட்டுக்கு வேணாம். பத்து பொட்டிய கேண்டீன்ல எறக்கச் சொல்லிட்டேன். மிச்சத்த பாய் திருவள்ளூர், மணவாள நகர் பக்கம் தள்ளிக்கட்டும்.”

“சார், இத யாருமே துன்னக்கூடாது.”

“வெள்ளக்காரனுக்குதான் மேடம் லிமிட்டு. நம்ம பொண்ணுங்க கல்லத் துன்னாலும் செரிச்சிடும்.”

நம்ம பொண்ணுங்க என்றால் வெட்டும் ஷெட்டில் நிற்கும் அறுபத்திரண்டு பேர். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ரப்பர் பூட்ஸ் மாட்டி, குடலும் ரத்தமும் கலந்த தண்ணீரில் மத்தியானம் வரை நின்றுகொண்டே வெட்டுவார்கள். நாள் முழுக்க மீன் வெட்டுகிறவர்களுக்குச் சாப்பாட்டில் மீன் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் வெளிநாட்டான் வேண்டாம் என்று சொன்னது. இதை அந்த மேனேஜர் தாராள மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டைக் கடந்து போனேன். ரம்யா என்ற பெண் தலை நிமிர்ந்து, “மேடம், இன்னிக்கி மீன் கொழம்பாமே?” என்றாள். முகமெல்லாம் பல். அவளுக்கு இழுப்பு உண்டு. மாசத்தில் இரண்டு தடவையாவது கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

கேண்டீனுக்கு ஓடினேன். சமையல்கார சந்திரகலா அதற்குள் புளி கரைத்துவிட்டிருந்தாள்.

“அக்கா, அந்த மீனைப் போடாதீங்க.”

“மேனேஜரு சொன்னா போடறேன், வேணாம்னா வுட்டுடறேன். எனக்கு எதுக்கு மேடம் பேஜாரு? மீனு நல்லாதான கீது, பாருங்க.” ஒரு மீனைத் தூக்கி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

நான் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் தணிகைவேல் என் வீட்டுக்காரருக்கே போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார். ரிப்போர்ட்டைப் பார்க்கக்கூட இல்லை. கேண்டீனில் இறக்கியிருந்த நாலாம் பெட்டியைத் திறந்து, செவுளைத் தூக்கி, எல்லார் எதிரிலும் ஒரு இழுப்பு இழுத்தார்.

“ஃபஸ்ட் கிளாஸு,” என்றார். “ஊர்ல எவனும் என் மீன கெட்டதுன்னு சொன்னதில்ல. ஊட்டுல இருக்கறவளே சொல்றா.”

“மூக்குக்கு இது தெரியாதுங்க. இதுக்கு வாசனை இல்ல.”

“வாசன இல்லாம ஒரு மீனு கெடுமா? கேட்டுக்கினியா தணிகைவேலு?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த நாட்டில் எதையும் சிரித்தே முடித்துவிடலாம்.

எங்கள் பக்கத்து மீன் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன்மேல் தகராறு வந்தால், விற்றவன் அந்த மீனையே சமைக்கச் சொல்லி எல்லார் எதிரிலும் உட்கார்ந்து தின்ன வேண்டும். தின்று, அரை மணி நேரம் ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தால் மீன் நல்ல மீன். குறை சொன்னவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பேச்சு கிடையாது. என் வீட்டுக்காரர் இதுவரை ஏழு தடவை இப்படித் தின்றிருக்கிறார். ஏழு தடவையும் ஜெயித்தார். ஒரு பெட்டியில் ஒரு மீன் கெட்டும் பக்கத்து மீன் நன்றாகவும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அதிர்ஷ்டத்தைத் தன் மூக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“நானே துன்றேன்,” என்றார். “நீ எது கெட்டதுன்னு சொல்றியோ அந்தப் பொட்டிலேந்து நீயே எடுத்துக் குடு ஜபீனு.”

“நான் எடுக்கமாட்டேன்.”

“பாத்தியா, பயம்,” என்றார் மேனேஜரிடம். அவரே நாலாம் பெட்டியிலிருந்து மூன்று மீன் எடுத்துச் சந்திரகலாவிடம் கொடுத்தார்.

வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. தின்னட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒன்பது வருஷமாக அந்த மூக்கைப் பார்த்த ஆத்திரம் எல்லாம் அந்த ஒரு கணத்தில் வந்து நின்றது. அதை மறைத்து எழுத எனக்குப் பிரியமில்லை.

மூன்று மீனும் தனிச் சட்டியில் வெந்தது. பெரிய அண்டாவிலும் குழம்பு கொதித்தது. அதிலும் அதே லோடு மீனைத் துண்டு போட்டு விட்டிருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, சாப்பிட ஆரம்பித்தார். முள்ளை ஒதுக்கி, விரலைச் சப்பி, ரசித்துத் தின்றார். தலையையும் விடவில்லை. ஒருத்தர் சாப்பிடுவதைப் பார்த்து எனக்கு அவ்வளவு குமட்டியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

“காரம் கொஞ்சம் தூக்கலா போட்டுட்ட சந்திரகலா,” என்றார் பாதியில்.

“நானா? பொண்ணுங்க துன்னாதுன்னு அர காரம்தான் பாய் போட்டேன்.”

ஹிஸ்டமின் வாயில் மிளகுத்தூள் மாதிரி எரியும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். மறுபடியும் கேட்டார். நாலாவது டம்ளர் குடிக்கும்போது காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. கறுத்த தோல், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியும்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டார். கை பட்டன்களையும் போட்டார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் கழுத்துப் பட்டன் போட்டதில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அதுவரை அவர் தெரியாமல் செய்தார். கோபப்படலாம், சிரித்தும் தொலைக்கலாம். இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உடம்பு எரிகிறது, தெரிந்தே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“ஏங்க, சொல்லிடுங்க,” என்றேன் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி. “உங்களுக்கு ஊசி போட்டா சரியாய்டும். அந்தப் பொண்ணுங்கள வுட்டுடுங்க.”

“எனக்கு இன்னா? நல்லாதான் கீறேன்,” என்றார் சத்தமாக. உதடு தடித்திருந்தது.

தணிகைவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அர மணி ஆச்சி. பாய் கல்லு மாதிரி குந்திக்கினு கீறாரு. இன்னா மேடம், இப்ப இன்னா சொல்றீங்க?” பதிலுக்குக் காத்திராமல், “மணி அடிங்கப்பா,” என்றார்.

பெண்கள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். ரம்யா மூன்றாவது ஆள். சந்திரகலா கரண்டியை அண்டாவில் விட்டாள்.

நான் போய் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழுத்தில் பிடித்து இழுத்தேன். மேல் பட்டன் தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. இரண்டாவதும் போனது. அறுபத்திரண்டு பெண்கள் பார்க்க, மேனேஜர் பார்க்க, புருஷன் நெஞ்சைத் திறந்து காட்டினேன். கழுத்திலிருந்து வயிறு வரை செக்கச்செவேல் என்று இருந்தது. திட்டுத் திட்டாகத் தடித்து, வேர்வையில் மினுமினுத்தது. அவர் என் கையைத் தட்டிவிட எழுந்தார், முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அங்கேயே வாந்தி எடுத்தார்.

பிறகு ரம்யா தட்டைத் தரையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு தட்டாகத் தரையில் உட்கார்ந்தது. சந்திரகலா யாரையும் கேட்கவில்லை, அண்டாவின் இரண்டு காதையும் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். அன்றைக்கு எல்லாரும் மோர் விட்டு ஊறுகாயோடு சாப்பிட்டார்கள்.

கம்பெனி ஜீப்பில் நெடுஞ்சாலை ஓரத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். இரண்டு ஊசி, ஒரு பாட்டில் குளுகோஸ். டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மீன் என்று நான் சொன்னேன்.

சட்டைக்குப் பட்டன் இல்லாததால் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவருடைய மனம்தானே அழுகியது, மூக்கில் என்ன குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொம்பளைகள் எதிரில் மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் அதைப் பேசவில்லை. என்னிடம் செல்போனை வாங்கி லோடு வண்டி டிரைவரைக் கூப்பிட்டார்.

“திருவள்ளூருக்குப் போவாத. எங்க கீற? தச்சூரா? அங்கயே ஓரங்கட்டு. ஒரு மீனுகூட எறக்காத. எவன் கேட்டாலும் குடுக்காத. அத்தினியும் குழி தோண்டிப் பொதைக்கணும்.”

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஜபீனு. இதுக்கு மொகம் செவக்குமா?”

“செவக்கும்.”

“ஒடம்பு அரிக்குமா? துன்ன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்துட்டு, அதுவா அடங்கிடுமா?”

“ஆமா. அதுக்கு இன்னா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. என் மாமியார் மரியம் பீவிக்கு அடிக்கடி அப்படி வரும். முகம் வீங்கும், உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். மீனாக இருக்குமோ என்று ஒரு வைத்தியர் கேட்டதற்கு, மூக்கு பாய் வீட்டு மீனையா சந்தேகப்படுகிறாய் என்று வீட்டில் எல்லாரும் சண்டைக்குப் போனார்கள். கடைசியில் கத்திரிக்காய்தான் காரணம் என்று முடிவானது. ஆறு வருஷமாக எங்கள் வீட்டுக்குள் கத்திரிக்காய் வந்ததில்லை. உயிர்வேதியியல் படித்த நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கத்திரிக்காய் போடாத மீன் குழம்பாக வைத்து ஆறு வருஷம் மாமியாருக்குப் பரிமாறினேன். கம்பெனியில் ஒன்பது மீன் அரைத்துப் பார்க்கிறவள் வீட்டில் ஒரு மீனைப் பார்க்கவில்லை. மற்றவர்கள்மேல் வந்த அருவருப்பெல்லாம் அப்படியே என் பக்கம் திரும்பியது.

“காலைல கெளம்பச்சொல்ல,” என்றார் அவர், “அதே லோடுலேந்து நாலு மீனு ஊட்டுக்குக் குடுத்துட்டு வந்தேன்.”

வீட்டு நம்பரைப் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. மாமியார் எடுத்தார்.

“மாமி, சாப்ட்டீங்களா?”

“இப்பதான் துன்னேன். மறுபடியும் மொகமெல்லாம் எரியுது ஜபீனு, கண்ணத் தொறக்க முடியல,” என்றார். “எவ இந்த ஊட்டுக்குள்ள கத்திரிக்கா கொண்டாந்தான்னு தெரியல. மீனத் தவிர நான் வேற எதையும் தொடவே இல்லியே.”